தொட்டியில் இருந்தால் அது செடி

என் வீட்டுக்காரரின் காரியம் முடிந்த மறுநாள் பூக்காரம்மா வழக்கம்போல எங்கள் தெருவுக்கு வந்தாள். எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. வேறு யாரும் அவளிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். திருத்தணி மலையடிவாரத்தில் கடை போட்டிருப்பவள் அவள். வருஷக்கணக்காகக் கடைக்குப் போகும் வழியில் எங்கள் கேட்டில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போவாள். உள்ளே வாழையிலையில் சுற்றி மல்லியோ முல்லையோ இருக்கும், வெள்ளிக்கிழமை என்றால் கதம்பம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் எதிரே வந்தவளை நானே நிறுத்திக் கேட்டேன்.

“இன்னாம்மா, நம்ம வூட்டுப் பக்கமே காணோம்?”

அவள் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சாமி படத்துக்கு வேணும்னா சொல்லுங்கம்மா. கட்டாம உதிரியா குட்த்துட்டுப் போறேன்.”

கட்டின பூ தலைக்கு, உதிரிப் பூ சாமிக்கு. இனிமேல் என் இடம் எது என்பதை இதைவிட நாசூக்காக யாராலும் சொல்ல முடியாது. அவளிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? சரி, உதிரியே கொடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் காலத்திலுமா இதெல்லாம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் காலத்தில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதுதான் வித்தியாசம். பொட்டு வைத்துக்கொள், கலர் புடவை கட்டு, வேலையை விடாதே என்றெல்லாம் எல்லோரும் சொல்லத்தான் செய்தார்கள். கே.ஜி.கண்டிகையில் இருக்கும் என் அண்ணி எனக்கு ஒரு கிளிப்பச்சைப் புடவையே எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அவள் வீட்டு விசேஷத்தில் மஞ்சள், குங்குமம், பூ வைத்த தட்டை ஒவ்வொரு பெண்ணுக்கும் நீட்டிக்கொண்டு வருவாள். தட்டு எனக்குப் பக்கத்தில் வந்ததும் அவளுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகத்துக்கு வந்துவிடும். “ஐயோ, பாலு!” என்று உள்ளே ஓடுவாள். திரும்பி வரும்போது தட்டு எனக்கு அடுத்தவளிடமிருந்து தொடங்கும். ஒவ்வொரு விசேஷத்திலும் இதேதான். அந்தப் பால் ஒரு நாளாவது பொங்கி வழிந்ததாக எனக்கு நினைவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூ விஷயத்தில் எங்கள் சொந்தத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. நேற்றைய பூவுக்குத் தண்ணீர் தெளித்து இன்றைய பூவாக்கும் வித்தையெல்லாம் என்னிடம் பலிக்காது. மாலையைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே எவ்வளவு வாழைநார், எவ்வளவு பூ என்று சொல்லிவிடுவேன். கல்யாண மாலையா, காவடிக்குப் பூவா, கிரகப்பிரவேசத்துக்குத் தோரணமா, அம்மையார்குப்பத்திலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் எனக்குத்தான் போன் வரும். அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. நான் கடைக்குப் போய்ப் பார்த்து, பேசி, எடுத்து வைக்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு போக வேறு யாராவது வருவார்கள். என் கண் வேண்டும், என் கை வேண்டாம். நானும் மானம் ரோஷம் இல்லாமல் போய்க்கொண்டுதான் இருந்தேன். பூ வாசனையாவது மிச்சம் என்று இருந்தேனோ என்னவோ.

ஒருத்தி தலையில் மட்டும் நான் பூ வைப்பதை நிறுத்தவில்லை. என் ஒரே மகள். நகரியைச் சேர்ந்த பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு சென்னையில் இருக்கிறாள், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அப்பா அவள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்து, சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினாள். ஸ்டேஷன் வாசலில் மல்லி வாங்கி, பிளாட்பாரத்தில் வைத்தே அவள் பின்னலில் சொருகிவிட்டேன். “அம்மா, ட்ரெய்ன் வந்துடுச்சு, விடு” என்று சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தாள். ரயில் நகர்ந்த பிறகும் என் விரலில் வாசனை இருந்தது. வீட்டுக்கு வந்தும் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆர்க்கிட் என் வாழ்க்கையில் வந்தது எங்கள் ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆனபோது. நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஆளுயர மாலை போட்டு அவர் கழுத்தை ஒடிக்க வேண்டாம், வித்தியாசமாக ஏதாவது பார்த்து வாங்கி வாருங்கள் என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு நர்சரியில் அதைப் பார்த்தேன். சின்னத் தொட்டி, மண் கிடையாது, மரப்பட்டைத் துண்டுகள்தான். நாலைந்து தடித்த இலை, நடுவில் வளைந்து வந்த ஒரே தண்டு, அதில் வரிசையாகப் பூ. மாசக்கணக்கில் வாடாது என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஹெட்மாஸ்டர் அதை பிளாஸ்டிக் என்று நினைத்துவிட்டார். தினமும் ஈரத்துணியால் தூசு துடைத்து வைத்திருக்கிறார், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கொஞ்ச நாள் கழித்து என்னிடம் வந்து, “கடைக்காரன் உங்கள ஏமாத்திட்டான் மேடம், பசை விட்டுப்போய் எல்லாம் கொட்டிடுச்சு” என்று வருத்தப்பட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஆனால் விழா அன்று நான் கவனித்த விஷயம் வேறு. தொட்டியை ஹெட்மாஸ்டரின் மனைவியிடம் நான்தான் கொடுத்தேன். நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ, சாஸ்திரம் சம்பிரதாயம் எல்லாம் பார்க்கிற அம்மா. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குச் சட்டென்று புரிந்தது. கட்டினால்தான் அது பூ, தொட்டியில் இருந்தால் அது செடி. செடியை யார் கொடுத்தால் என்ன? இந்தச் சட்டத்தை எழுதாமல் எழுதி வைத்தவர்களுக்கு ஆர்க்கிட் தெரிந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் நான் விடவில்லை. யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் ஒரு தொட்டி. நேரில் போக முடியாவிட்டால் கடைக்காரரிடம் சொல்லி அனுப்பிவைப்பேன். பொதட்டூர்பேட்டையில் ஒரு சித்தி மகள் அதைத் தறிக்கு மேலே பலகையில் வைத்தாள். தறி போட்ட ஆட்டத்தில் சாயங்காலத்துக்குள் பூவெல்லாம் லுங்கித் துணி மேல் கொட்டிவிட்டது. இன்னொருத்தி வந்த அன்றைக்கே தண்டோடு கிள்ளி முருகர் படத்துக்கு வைத்துவிட்டு, “சாமிக்குப் போட்டுட்டேன்கா, ரொம்ப லட்சணமா இருந்துச்சு” என்றாள். பாதிப் பேர் நிஜப்பூதானா என்று நகத்தால் கீறிப் பார்த்தார்கள். போகட்டும். எல்லோரும் என் கையிலிருந்து வாங்கினார்கள், எனக்கு அது போதும். அண்ணிகூட என் தொட்டியைப் பார்த்தால் பாலை மறந்துவிடுவாள்.

மகள் மறுபடி உண்டானது அப்போதுதான். மறுபடி என்கிறேன், ஏனென்றால் முதலாவது தங்கவில்லை. மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. நான் சென்னைக்குப் போய்க் கூட இருந்தேன். ரசம் வைத்துக் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். அவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். டாக்டர், இது நிறையப் பேருக்கு நடக்கிறதுதான், யார் மேலும் தப்பில்லை என்று சொன்னார். நானும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவள் ஆங் என்றுகூடச் சொல்லவில்லை.

அதனால் இந்தத் தடவை ஏழாம் மாதம் வந்ததும் எனக்கு உள்ளே ஒரே பரபரப்பு. திருத்தணியிலேயே ஒரு சின்ன மண்டபம் பிடித்து வளைகாப்பு என்று முடிவானது. எங்கள் பக்கம் வளைகாப்பில் பெற்றவள்தான் முதலில் மகளுக்குச் சந்தனம் தடவி, தலையில் பூ வைத்து, வளையல் போட வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். என் தலையெழுத்தோ வேறு. அண்ணி முன்கூட்டியே வந்துவிட்டாள்.

“பூவெல்லாம் நீயே பாத்து எட்த்துக் குட்த்துடும்மா, உனக்குத்தான் தெரியும். அவ தலையில வைக்கிறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ எதுக்கு அங்கேயும் இங்கேயும் அலைஞ்சுகினு.”

தலையாட்டினேன். அண்ணியைவிட எனக்குச் சம்பந்தியம்மாவிடம்தான் பயம். நகரியில் பெரிய குடும்பம், நாள் கிழமை எல்லாம் பார்க்கிறவர். கல்யாணத்தில் சீர்த்தட்டில் ஒரு தேங்காய்க்குக் குடுமி இல்லை என்று மாற்றச் சொன்னவர். அவர் முன்னால் நான் போய் மகள் தலையில் கை வைத்தால் என்ன ஆகும்? அந்தப் பேச்சு மகள் காலமெல்லாம் கேட்க வேண்டிய பேச்சாகிவிடும். ஆனால் தொட்டியை யார் என்ன சொல்ல முடியும்? அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் என் தொட்டி நிற்கும். எல்லோரும் அவளுக்குப் பூ வைப்பார்கள். நான் வைத்த பூவும் அங்கே இருக்கும், யாருக்கும் தெரியாமல். இதை நினைத்து ஒரு வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சென்னை நர்சரிக்கு நானே போனேன். வெள்ளை வேண்டாம், ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மஞ்சள் அழகுதான், ஆனால் பழுத்த இலை ஞாபகம் வந்தது. புள்ளி போட்டது ஒன்று இருந்தது, அம்மை போட்ட முகம் மாதிரி, அதன் பக்கமே போகவில்லை. கடைசியில் கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று. அதிலும் பூத்தது குறைவாக, மொட்டு அதிகமாக இருப்பதைத் தேடினேன்.

“ஃபங்ஷனுக்குன்னா நல்லா விரிஞ்சதா எடுங்கம்மா, போட்டோல நிக்கும்” என்றார் கடைக்காரர்.

“ஃபங்ஷனுக்கு இல்லீங்க. பிரசவம் வரைக்கும் ஒண்ணொண்ணா பூக்கணும்.”

அதை மடியில் வைத்துக்கொண்டு லேடீஸ் கம்பார்ட்மென்டில் வந்தேன். அரக்கோணத்தில் கூட்டம் ஏறி மோதியது. மொட்டு உடைந்துவிடாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த அம்மா, “யாருக்குங்க?” என்றார். “என் பொண்ணுக்கு, வளைகாப்பு” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அன்று மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய், அவள் உட்காரப் போகும் நாற்காலிக்கு வலது பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன் மேல் தொட்டியை வைத்தேன். மகள் பட்டுப்புடவையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்ததும் அவள் கண் அதன் மேல்தான் போனது.

“ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு! யார் வெச்சது?” என்று ஒரு இதழைத் தடவினாள்.

“வேற யாரு, உங்க அம்மாதான்” என்றாள் அண்ணி.

மகள் கையை எடுத்துக்கொண்டாள். தொட்டால் பூ கெட்டுவிடும் என்று எடுக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். வளர்த்த விதம் அப்படி என்று பெருமையாகக்கூட இருந்தது.

நான் போய்ப் பின்வரிசையில் தூணோரமாக உட்கார்ந்தேன். அண்ணி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். அப்போது சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

“வதினா எங்க? வதினாவைக் கூப்டுங்க.” அவர்கள் பக்கத்தில் சம்பந்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “அம்மா வெக்காம நம்ம எப்டி வெக்கறது?”

“இல்லீங்க, அவங்க வந்து…” என்று அண்ணி இழுத்தாள்.

“அவங்க இன்னா? பெத்த கைங்க அது. வாங்க வதினா.” மல்லிச்சரத்தைத் தட்டிலிருந்து எடுத்து என் பக்கமாக நீட்டினார்.

குடுமி இல்லாத தேங்காயைத் திருப்பி அனுப்பிய அதே அம்மா. அந்த நிமிஷம் அவர் காலில் விழுந்திருப்பேன். எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. சரம் என் கையில் இருந்தது. கட்டின பூ, நெருக்கமாகக் கட்டியது, நானே எடுத்துக் கொடுத்ததுதான். மகளுக்குப் பின்னால் போய் நின்று பின்னலில் கை வைத்தேன்.

“வேணாம் அத்தை.” மகள் சொன்னது மாமியாரைப் பார்த்து. “அம்மா வேணாம்.”

சம்பந்தியம்மா திகைத்துப் போய் நின்றார். யாரோ எடுத்த வளையல் சத்தம் பாதியில் நின்றது. மகள் திரும்பி என் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“தப்பா எடுத்துக்காதம்மா. போன தடவை ஸ்டேஷன்ல நீ வெச்சே. அடுத்த வாரமேதான்…” வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். “இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதும்மா. எனக்கு இது வேணும்.”

திமிர் இல்லை, வெறுப்பு இல்லை. பயம். சின்ன வயதில் இடி இடித்தால் என் புடவைக்குள் வந்து ஒளிந்துகொள்வாளே, அதே முகம். இந்தத் தடவை இடியே நான்தான்.

அந்த ஸ்டேஷன் மல்லியை நான் எத்தனை தடவை மனசுக்குள் முகர்ந்து பார்த்திருப்பேன்! அவளும் அதை மறக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ரசம் வைத்துக் கொடுத்த கையை, தலை வாரிவிட்ட கையைப் பார்த்துக்கொண்டே நினைத்திருக்கிறாள். மாமியாரிடமிருந்து, அண்ணியிடமிருந்து, ஊரிடமிருந்து தப்பிக்க நான் வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். நான் பயந்தது என் வீட்டுக்குள்ளேயே, நான் பெற்றவளிடமே இருந்திருக்கிறது.

சரத்தைச் சம்பந்தியம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் கையமர்த்திவிட்டேன். மகளின் பார்வை ஒரு விநாடி தொட்டிப் பக்கம் போய்த் திரும்பியது. வாய்விட்டு அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை எல்லாம் புரிந்துகொள்ளத்தான் எனக்கு இத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறதே. தொட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். “சாப்ட்டுட்டுப் போம்மா” என்று அண்ணி வாசல்வரை வந்தாள். இந்த உபசாரத்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “நெஜப் பூவாம்மா அது?”

“பிளாஸ்டிக்” என்றேன்.

வீட்டுக்கு வந்து அவர் போட்டோ முன்னால் நின்று நன்றாகத் திட்டினேன். நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், இங்கே நான் என் பிள்ளைக்கே ஆகாதவளாக நிற்கிறேன் என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். கேட்டால் கேட்கட்டும்.

தொட்டியை ஜன்னலில் வைத்தேன். மொட்டுகள் ஒன்றொன்றாக விரிய ஆரம்பித்தன. நான் ஆசைப்பட்டுத் தேடி எடுத்த மொட்டுகள், சொன்ன வேலையைச் சரியாகச் செய்தன. எனக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீர் விடாமல் போட்டுப் பார்த்தேன், அப்போதும் பூத்தது. மகள் வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவாள். ஸ்கேன் நன்றாக இருக்கிறது, குழந்தை உதைக்கிறது, சர்க்கரை இல்லை. பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சென்னையில்தான் ஆஸ்பத்திரி வசதி என்று அண்ணன் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

தினமும் காலையில் மலையைப் பார்த்துக் கையெடுத்து, நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் முருகா என்று வேண்டிக்கொண்டேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் அவள் நினைத்ததுதான் சரி என்று ஆகிவிடும். அது தெரிந்தேதான் வேண்டிக்கொண்டேன். வேறு மாதிரி வேண்டிக்கொள்ள எந்தத் தாய்க்கு வாய் வரும்?

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். சம்பந்தியம்மா குழந்தையை என் கையில்தான் முதலில் கொடுத்தார். மகள் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள், சிரித்தாள். எல்லோரிடமும் சாதாரணமாகப் பேசிவிட்டு வெளியே வந்தபோது அண்ணி என் காதோரம் வந்தாள். “பாத்தியா? அன்னிக்கு அவ சொன்னதே நல்லதாப் போச்சு.”

ஆங் என்றேன்.

அன்னையர் தினத்துக்கு எனக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால் ஆர்க்கிட். அதே கத்திரிப்பூ நிறம். உலகத்திலேயே சிறந்த அம்மாவுக்கு என்று கடைக்காரன் அச்சடித்த அட்டை ஒன்று தண்டில் தொங்கியது. ஜன்னலில் என் பழைய தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது எல்லாம் உதிர்ந்து வெறும் இலையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“வந்துச்சாம்மா?”

“வந்துச்சு.”

“அதே கலர்தான் வேணும்னு நாலு கடை தேடிச் சொல்லி அனுப்பினேன். அன்னிக்கு மண்டபத்துல நீ வெச்சியே, அது எனக்கு அவ்ளோ பிடிச்சுதும்மா. இன்னும் கண்ணுலயே நிக்குது.”

இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். “பிடிச்சுதுன்னா அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி.”



“சொல்லியிருந்தா நீ அதை அங்கயே வெச்சுட்டுப் போயிருப்பேம்மா” என்றாள்.

“பாப்பா அழறாம்மா, பால் கொடுக்கணும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை.